பதினேழாம் நம்பர் தொப்பி

பிப்ரவரி 1, வியாழன். சென்னை விமான நிலையம்

சத்துணவு அமைப்பாளராக இருந்த காலம் முழுக்க தினமும் எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த டைரி.

தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். கோயில், ஆறு, படகு, தீவு என்று நோட்டீசில் வண்ணவண்ணமாகப் போட்டிருக்கிறார்கள். கோவில்பட்டியில் நான் பெட்டியோடு ஆட்டோ ஏறியபோது எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "புருசன் போயி ரெண்டு வருசம் ஆகல. மவன்கிட்ட இருந்து ஒரு பேச்சு மூச்சக் காணோம். இவளுக்கு ஊர் சுத்தக் கேக்குதாக்கும்" என்று எதிர்வீட்டுப் பாக்கியம் சொன்னாள். என் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொள்ளட்டும், அவளுக்கும் பொழுது போக வேண்டாமா?

எதற்காகப் போகிறேன் என்பதை இதில் எழுதப் போவதில்லை. டைரி யார் கையில் வேண்டுமானாலும் சிக்கலாம்.

எனக்கு விமானம் என்றால் பயம். படகு என்றால் பயம், பாம்பு, போலீஸ், லிஃப்ட் எல்லாமே பயம்தான். ஆனால் இந்தப் பயமெல்லாம் இப்போது வரிசையில் பின்னால் போய் நின்றுகொண்டன. முன்னால் வேறொன்று நிற்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி. பாங்காக்

விமானம் விழவில்லை.

எங்கள் டூர் மேனேஜர் பெயர் திரவியம். மதுரைக்காரர், என் மகனை விட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி ஒன்றும் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டையும் கொடுத்தார். அட்டையில் பெரிதாக ஒரு நம்பர். பஸ் கிளம்பும் முன் அவரவர் நம்பரை அவரவரே வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் விட்டுப் போனாலும் வண்டி நகராது.

"பேரச் சொல்லிக் கூப்ட்டா வராத ஆளுக்கும் பக்கத்து சீட்டுக்காரங்க உள்ளேன்னு சொல்லிருறாங்க. போன டூர்ல அப்படித்தான் ஒருத்தர மார்க்கெட்டுல விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார்.

மொத்தம் இருபத்து நாலு பேர். நான் பதினொன்று. தனியாக வரும் பெண்களை இரண்டு இரண்டு பேராக ஓர் அறையில் போட்டுவிடுவது இவர்கள் வழக்கம். எனக்குப் பன்னிரண்டாம் நம்பர் வாய்த்தது. ஜெயசீலி டீச்சர், பாளையங்கோட்டை, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை விட ஏழெட்டு வயது பெரியவர். பஸ்சுக்கு யாராவது தாமதமாக வந்தால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். எல்லாருக்கும் முன்னால் இவர்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் பாவம், எப்படித்தான் இவரிடம் படித்தார்களோ.

அறைக்குள் வந்ததும் கேள்வி ஆரம்பித்துவிட்டது.

"பிள்ளைங்க எத்தனை கனி?"

"ஒரு பையன்தான் டீச்சர். இசக்கிராஜ்னு பேரு."

"என்ன செய்தான்?"

"வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேல."

"எந்த நாடு?"

"இங்கனதான் பக்கத்துல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சமையலுக்கு ஊரிலிருந்தே வேல்சாமி மாஸ்டர் வந்திருக்கிறார். அடுப்பும் அண்டாவும் தனி வேனில் எங்கள் பின்னாலேயே வருகின்றன. பாங்காக்கில் வந்து இறங்கி ரசம் சோறு சாப்பிட்டோம். மற்றவர்களுக்குச் சந்தோஷம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பிப்ரவரி 3, சனி. பாங்காக்

காலையில் ஆற்றில் படகு, பிறகு படுத்திருக்கும் புத்தர். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளில் சிரிக்க நன்றாகப் பழகிவிட்டது.

சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு என் தங்கை வள்ளிக்குப் போன் செய்தேன். "ஏதும் போன் வந்துச்சாட்டி?" என்றேன். "இல்லக்கா" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். நாளைக்கும் இதையேதான் சொல்வாள்.

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

இசக்கிராஜ் போன ஆடியில் ஒரு ஏஜென்ட் மூலமாகத் தாய்லாந்துக்கு டேட்டா என்ட்ரி வேலை என்று போனான். பாங்காக்கில் இறங்கியவனை அன்றைக்கே காரில் ஏற்றி எல்லை தாண்டிக் கம்போடியாவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரிய கட்டடம், ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பெண் மாதிரிப் பேசி, முன்பின் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றிப் பணம் பறிப்பதுதான் வேலை. மாட்டேன் என்றால் அடி. கரண்ட் வைக்கிறார்கள் என்றான். எப்போதாவது யார் போனையாவது வாங்கி வள்ளியின் நம்பருக்குப் பேசுவான். நாங்கள் திரும்ப அந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன். மேலே அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அவன் இருக்கும் கட்டடம் எது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. எல்லை ஊரான பொய்பெட் என்பது மட்டும் தெரியும். மத்தியானம் காவலோடு இரண்டிரண்டு பேரைக் கடைத்தெருவில் சாப்பாடு எடுத்துவர அனுப்புவார்கள் என்று ஒரு தடவை சொன்னான்.

இந்த டூர் பஸ் அந்த ஊர் வழியாகப் போகிறது. அதனால்தான் வந்தேன். பொங்கல் முடிந்து அவன் பேசியபோது, "ஆறாந்தேதி மத்தியானம், எல்லை தாண்டுனதும் பஸ் ஸ்டாண்டு. மஞ்ச பேனர்ல தமிழ் எழுத்து இருக்கும். வந்துருய்யா" என்று மூச்சு விடாமல் சொன்னேன். "வராதம்மா, வராதம்மா" என்றான். போன் வைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

நான் சொன்ன தேதி அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, ஞாயிறு. பாங்காக்

பதினேழாம் நம்பர் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஊருக்குத் திரும்பிவிட்டார். சாத்தூரில் அவர் மகளுக்கு முன்கூட்டியே வலி கண்டுவிட்டதாம். போகிற அவசரத்திலும், "இந்தக் கோமாளித் தொப்பிய மொதல்ல கழத்தணும்" என்று தொப்பியையும் அட்டையையும் பஸ் சீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். பக்கத்துச் சீட்டுக்காரர் பதினெட்டாம் நம்பர் கோமதிநாயகம் சார். பேங்க் மேனேஜராக இருந்தவர். காலை நீட்டி உட்கார இடம் கிடைத்ததில் அவருக்குப் பரம திருப்தி.

சாயங்காலம் நம்பர் சொல்லும்போது பதினாறுக்குப் பிறகு ஒரு அமைதி. "பதினேழு இல்ல, அடுத்து" என்றார் திரவியம்.

இன்னொன்று. என் பெட்டிக்கு அடியில் இசக்கிராஜின் கட்டம்போட்ட சட்டையும் பேன்ட்டும் செருப்பும் ஒளித்து வைத்திருக்கிறேன். அதை யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் சுருட்டி வைத்த சட்டை மடித்திருக்கிறது. மேல் பட்டன் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது இறுக்கமாகத் தைத்திருக்கிறது. டீச்சரைத் தவிர வேறு யார்? விதவையின் பெட்டியில் ஆம்பளைச் சட்டை என்று என்ன நினைத்தாரோ! மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்னை இங்கிருந்தே விமானம் ஏற்றிவிடுவார்கள். பயமாக இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம்

நாளைக்கு.

சாப்பாட்டு வேளையில் திரவியத்திடம், "தம்பி, எல்லை தாண்டுன பெறவு வண்டி எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று கேட்டேன். "எல்லாரும் இமிகிரேசன் முடிச்சு வரணும், சாப்பிடணும். அது முடிஞ்சா ஒரு நிமிசம் நிக்க மாட்டோம்மா. அந்த ஊர் நமக்கு ஆகாது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு எல்லாவற்றிலும் காது.

"கனி, நாளைக்கு உனக்கு உடம்புக்கு ஆகலைனா எங்கிட்டச் சொல்லு" என்றார் பிறகு.

"எனக்கென்ன டீச்சர், நல்லாத்தான இருக்கேன்."

"கை நடுங்குதே."

"ஏசி" என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று எழுத முடியாது. பேனா நிற்கவில்லை.

பிப்ரவரி 7, புதன். சியம் ரீப், பஸ்சுக்குள்

எல்லாரும் அங்கோர்வாட் பார்க்கப் போய்விட்டார்கள். நான் திரையை இழுத்து மூடிக்கொண்டு பஸ்சில் இருக்கிறேன். அங்கோர்வாட் எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டால் இந்தத் திரையில் உள்ள பூ டிசைனைத்தான் நான் சொல்ல முடியும்.

நேற்று நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எல்லையில் வெயில் பிளந்தது. தாய்லாந்து பக்கம் ஒரு வரிசை, கம்போடியா பக்கம் ஒரு வரிசை. நடுவில் பெரிய பெரிய சூதாட்ட விடுதிகள். அவற்றுக்குப் பின்னால் உயரக் கட்டடங்கள், மாடிகளில் எல்லாம் கம்பி. அந்த ஜன்னல்களை அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் முன்னால் போனவர் காலை மிதித்துவிட்டேன். வேல்சாமி மாஸ்டர் அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்பே போய், பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு தகரக் கொட்டகைக்குள் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். கம்போடியா பஸ்சின் முன்னால் திரவியம் மஞ்சள் பேனரைக் கட்டினார். தமிழ் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது.

சாப்பிடவில்லை. தைலம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு கடையாகப் பார்த்தேன். ஒல்லியாக, கறுப்பாக யார் போனாலும் முகத்துக்கு நேரே போய்ப் பார்த்தேன். ஒருத்தன் என்னைத் திட்டினான். கறுப்பு டீ-சர்ட் போட்ட இரண்டு பேர் கையில் வாக்கி டாக்கியோடு கடை கடையாகத் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களும் யாரையோ தேடுகிறார்கள் என்று புரிந்ததும் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். தப்பித்துவிட்டான் என்றும் தோன்றியது, பிடித்துவிடப் போகிறார்கள் என்றும் தோன்றியது.

கொட்டகையைத் தாண்டி ஓடும்போது வேல்சாமி மாஸ்டர், "யக்கா, செத்த வந்து இந்தக் கோச நறுக்கிக் குடுத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். எனக்கு வந்ததே கோபம். "நான் என்ன உங்களுக்கு எடுபிடி வேல பாக்கவா காசு கட்டி வந்தேன்?" என்று கத்திவிட்டுப் போனேன். அண்டாவுக்குப் பின்னால் மொட்டைத் தலையோடு, மூக்கு வரை துணி கட்டி, ஒருவன் குத்துக்காலிட்டுக் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளூர் ஆளை உதவிக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போதும் மாஸ்டர் கூப்பிட்டார். "யக்கா, கோஸ்!" கறுப்பு டீ-சர்ட் ஆட்கள் அப்போது கொட்டகை வாசலிலேயே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

வெயிலில் கண் கூசியது. அவன் முகத்தில் துணி வேறு. யாராக இருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் ஏறியாகிவிட்டது, எஞ்சின் ஓடுகிறது. ஆனால் வண்டி நகரவில்லை. காரணம் பன்னிரண்டாம் நம்பர். ஒரு நாள்கூடத் தாமதமாக வராத ஜெயசீலி டீச்சர் பஸ் ஸ்டாண்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறார். "வயித்தாலப் போகுது தம்பி, அவசரப்படுத்தாத!" என்று உள்ளேயிருந்து அதட்டுகிறார். திரவியம் கதவைத் தட்டித் தட்டிச் சோர்ந்துவிட்டார். பஸ்சுக்குள் கோமதிநாயகம் சார், "வயசான காலத்துல வாயக் கட்டணும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடவுளாகப் பார்த்து டீச்சர் வயிற்றைக் கெடுத்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் சீட்டில் வைத்திருந்த துணிப்பையைக் காணோம். எல்லை தாண்டும்போது இசக்கிராஜின் சட்டையையும் பேன்ட்டையும் அதில்தான் மாற்றி வைத்திருந்தேன். அது போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. படியில் நின்று, "தம்பி, நீங்க போங்க. நான் இங்கயே எறங்கிக்கிடுதேன்" என்றேன் திரவியத்திடம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் மாஸ்டர் கரண்டியோடு வந்து என் காதருகே, "யக்கா, கத்தக் கூடாது. சரியா? கோஸ் நறுக்குனது ஒங்க பையன்" என்றார்.

இரண்டு தடவை நான் அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன். துணி கட்டியிருந்தான் என்று மேலே எழுதிவிட்டேன் அல்லவா? அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

கழிவறைக் கதவு திறந்தது. டீச்சர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் என் துணிப்பை. அதை மாஸ்டரிடம் நீட்டி, "உள்ள போயி மாத்திக்கச் சொல்லுங்க" என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "ஓட்டல் சுவரெல்லாம் அட்டை மாதிரி இருக்கு கனி. நீ கொழாயத் தொறந்தா தண்ணிச் சத்தத்துக்கு மேல பேசுத. மாஸ்டர் வந்து சொன்னதும், அந்த ஆளுங்க போற வரைக்கும் வண்டிய நிறுத்தத்தான் உள்ள போயி இருந்தேன்" என்றார் டீச்சர்.

அவன் வெளியே வந்தான். கட்டம்போட்ட சட்டை அவனுக்கு அண்ணன்மார் சட்டை மாதிரித் தொங்கியது. என்னைப் பார்த்தான். அழவில்லை, "எம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. என் முந்தானையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

பஸ்சில் ஏற்றியதும்தான் சண்டை. திரவியம் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? இத்தன பேருக்கு நான் பொறுப்பு. புடிச்சா எல்லாரும் மாட்டிக்குவோம்மா!" என்றார். கோமதிநாயகம் சார் எழுந்தே நின்றுவிட்டார். "எறக்கி விடுங்க. போலீசுக்குச் சொல்லுங்க, அவங்க பாத்துக்கிடுவாங்க. நாம டூர் வந்தவங்க, நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டீச்சர்தான் பேசினார். "எறக்கணும்னா என்னையும் சேத்து எறக்குங்க. பன்னெண்டு இல்லாம ஒங்க வண்டி நகராதுல்லா?"

திரவியம் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஓட்டுநரிடம் போகச் சொன்னார். காலியாக இருந்தது ஒரே சீட்டு. கோமதிநாயகம் சாருக்குப் பக்கத்தில், பதினேழு. சார் ஜன்னல் பக்கமாக ஒதுங்கி, படாமல் உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி பழைய பஸ்சில் போட்டுவிட்டுப் போன மஞ்சள் தொப்பியை டீச்சர் தன் பையிலிருந்து எடுத்து அவன் மொட்டைத் தலையில் வைத்து, அட்டையைக் கழுத்தில் மாட்டினார்.

ஊர் எல்லை தாண்டும் முன் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து நின்றது. அதே இரண்டு பேர். எங்கள் கம்போடியா வழிகாட்டிப் பெண் சொக்கா இறங்கிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தவள் திரவியத்திடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். அந்த இருவரும் உள்ளே ஏறினார்கள்.

எனக்கு இருந்த பயத்தை எப்படி எழுதுவது? முருகா, முருகா என்று சொல்ல நினைத்தால் அதுவும் மறந்துவிட்டது.

ஒருவன் திரவியத்தின் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை வாங்கி, அதில் இருந்த இருபத்து நாலைத் தட்டிக் காட்டினான். இன்னொருவன் எங்கள் தலைகளை விரலால் எண்ண ஆரம்பித்தான். திரவியம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் சொல்வது போலவே, "நம்பர் சொல்லுங்க" என்றார்.

ஒன்று. இரண்டு. மூன்று. கோயிலில் மந்திரம் சொல்வது மாதிரி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது பதினொன்று என்று கத்தியே விட்டேன். டீச்சர் நிதானமாகப் பன்னிரண்டு என்றார். பதினாறாம் நம்பர் அம்மாள் சொல்லி முடித்தார்.

பிறகு அமைதி.

அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவசரத்தில் எல்லாரும் மறந்துவிட்டோம். விரலால் எண்ணிக்கொண்டிருந்தவன் நின்று அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இசக்கிராஜ் சட்டென்று விறைத்து நிமிர்ந்து, "ஃபார்ட்டி" என்று ஆரம்பித்தான்.

கோமதிநாயகம் சார் இருமினார். அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. சீட்டே ஆடியது. இருமலுக்கு நடுவில், ஜன்னலைப் பார்த்தபடியே, "பதினேழுன்னு சொல்லுடே மூதி" என்றார். கேட்ட ஆட்களுக்குத் தமிழ் தெரியாது.

"பதினேழு" என்றான் என் மகன்.

"பதினெட்டு!" என்றார் சார், பஸ் அதிர.

இருபத்து நாலு வரை வந்தது. தலையும் இருபத்து நாலு, தாளிலும் இருபத்து நாலு. அவர்கள் இறங்கிப் போனார்கள். வண்டி வெகு தூரம் போய்விட்டது. பிறகு சார் பையைத் திறந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தார்.

எப்படிக் கண்டுபிடித்து வந்தாய் என்று அவனிடம் கேட்டேன். "தாளிக்கிற வாசம் வந்துச்சு" என்றான். அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறான். சாப்பாட்டுப் பையைக் காவலாளி முகத்தில் வீசிவிட்டு ஓடி வந்தானாம், மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறான். ஃபார்ட்டி என்று எதற்குச் சொன்னாய் என்றதற்கு, "ஃபார்ட்டி ஒன். அங்க அதான் எம்பேரு" என்றான்.

இப்போது என் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் படுத்திருக்கிறான். மேலே உட்கார மாட்டேன் என்கிறான். தூக்கத்தில் விரல்கள் பஸ் தரையில் தட்டச்சு செய்துகொண்டே இருக்கின்றன. வெளியே யாராவது மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போனால் எனக்கு உயிர் போய் வருகிறது.

பிப்ரவரி 8, வியாழன். புனோம் பென், கம்போடியாவின் தலைநகர்

நம் தூதரகத்துக்குப் போனோம். வாசலில் நம் கொடியைப் பார்த்த பிறகும் பயம் போகவில்லை. திரவியமும் டீச்சரும் கூட வந்தார்கள். மனு கொடுத்த நகலைக் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. பாஸ்போர்ட் இல்லாததால் மாற்றுத் தாள் போட வேண்டும், இந்த நாட்டை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும், சில வாரம் ஆகலாம் என்றார்கள். அதுவரை தங்க இடம் சொன்னார்கள்.

அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "அங்க என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டபோது அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு கெழவிய ஏமாத்துனேன் சார்" என்றான். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பெயர் என்ன என்று கேட்டார்கள். அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறான். கதவுக்கு மேசையை நகர்த்தி முட்டுக் கொடுத்திருக்கிறான். ஆள் கிடைத்துவிட்டான், ஆனால் என் பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. திரும்ப வருவானா என்பதுதான் இப்போது என் பயம். இந்தப் பயத்துக்கு எந்த ஆபீசில் மனு கொடுப்பது?

பிப்ரவரி 9, வெள்ளி. புனோம் பென்

பஸ் இன்று வியட்நாமுக்குக் கிளம்பியது. நாங்கள் இருவரும் இங்கேயே தங்குகிறோம்.

வழியனுப்ப வாசல் வரை அவனைக் கூட்டி வர ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. மஞ்சள் தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, என் முந்தானையைப் பிடித்தபடி சுவரோரமாக வந்தான். மாஸ்டர் ஒரு டப்பா புளிக்காய்ச்சல் கொடுத்தார். நான் அவரிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, ஆனா கோசு நல்லா பொடிசா நறுக்குறான்" என்றார். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குப் பேத்தி பிறந்திருக்கிறதாம், திரவியம் சொன்னார்.

டீச்சரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பொட்டிக்குப் பூட்டெல்லாம் போட்டேன் டீச்சர்" என்றேன். "பாத்தேன். சின்னப் பூட்டு" என்றார். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

எல்லாரும் ஏறிவிட்டார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே நம்பர் சொல்ல ஆரம்பித்தார்கள். பத்து வந்ததும் ஒரு நொடி நின்றது. எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் நடைபாதையிலிருந்தே, "பதினொண்ணு!" என்றேன். சிரித்தார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பன்னிரண்டு என்றார்.

பதினாறு.

அமைதி. "பதினேழு இல்ல" என்று திரவியம் சொல்லவில்லை. ஓட்டுநர் எஞ்சினைக்கூட அணைத்துவிட்டார். கோமதிநாயகம் சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. என் முந்தானை இறுகியது. போதும், அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

முந்தானை தளர்ந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

"இசக்கிராஜ்" என்றான்.

பஸ்சுக்குள் யாரும் கை தட்டவில்லை. பிறகு சார் தன் நம்பரைச் சொன்னார்.

வண்டி போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். பிறகு அவன், "பசிக்கும்மா" என்றான்.

அறையில் கதவுக்கு முட்டுக் கொடுத்த மேசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதன் ஒரு ஓரத்தில் தட்டை வைத்து, நின்றுகொண்டே புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.